சாமிப்பெட்டியில் ஒட்டிய காகிதம்

தொகுசாய், மனைவி இறந்த பிறகு, அறுபது வயதில் மொட்டை அடித்துத் துறவியானவர். அவருடைய குரு ரியோகெய்க்கு முப்பத்தைந்துதான். "வயசில் எனக்கு மகன், வாயைத் திறந்தால் அப்பன்" என்று தொகுசாய் சொல்லிச் சிரிப்பார்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பனியில் ஓடி வந்து குருவின் காலில் விழுந்தார்.

"மாட்டிறைச்சி சமைத்துவிட்டேன் குருவே. இந்தக் கையால்."

"யாருக்கு?"

"என் மகள் ஷினோவுக்கு. பிள்ளை பெற்று இருபது நாள் ஆகிறது. எழுந்து உட்காரத் தெம்பில்லை. இறைச்சி உள்ளே போகாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்கிறார் வைத்தியர்."

ஜப்பானில் மாடு தின்னலாம் என்று ஆகி அப்போது இரண்டு வருஷம்கூட இல்லை. எத்தனையோ தலைமுறையாக இருந்த விலக்கு. சட்டம் மாறினால் மனசும் மறுநாளே மாறிவிடுமா என்ன?

"சாப்பிட்டாளா?" என்றார் குரு.

"வாயையே திறக்க மாட்டேன் என்கிறாள். முறை ஒன்றும் தவறவில்லை குருவே. வீட்டுச் சட்டியைத் தொடவில்லை. முற்றத்தில் மண்வெட்டி இரும்பைத் தேய்த்துக் கழுவி நெருப்பில் வைத்து, அதில்தான் வெங்காயத்தாளும் மிசோ என்ற சோயா விழுதும் போட்டு வாட்டினேன். கவிச்சி படாமல் சாமிப்பெட்டிக்கும் காகிதம் ஒட்டிவிட்டேன்."

குரு வைக்கோல் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாருங்கள், பார்ப்போம்."

ஷினோ சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் குழந்தை. கிண்ணத்தில் இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. அவள் கண் மட்டும் சாமிப்பெட்டியை விட்டு அகலவில்லை. அதற்குள்தான், செத்தவர் பெயரை எழுதி வைத்துக் கும்பிடும் வழக்கப்படி, அவள் அம்மாவின் பெயர்ப்பலகை இருந்தது.

"ஏன் தாயே, பாவம் என்று பயமா?"

"பயமில்லை சாமி. வலியெடுத்த ராத்திரி முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தேன். இன்றைக்கு அப்பா அவள் முகத்தை மூடிவிட்டார். அவள் பார்க்கக் கூடாத சோறு எனக்கு எப்படி இறங்கும்?"

இதைத் தொகுசாய் நினைக்கவே இல்லை.

குரு எழுந்தார். காகிதத்தைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று கிழிந்தது.

"ஐயய்யோ குருவே, கவிச்சி!"

குரு காதில் வாங்கவில்லை. கிண்ணத்தைப் பெயர்ப்பலகையின் முன்னால் சற்று நேரம் வைத்தார். பிறகு எடுத்துத் தொகுசாயின் கையில் கொடுத்தார்.

"ஊட்டுங்கள்."

ஷினோ வாயைத் திறந்தாள். மெல்ல மென்றாள். ஒரு துண்டு, அப்புறம் இன்னொன்று. அழுதுகொண்டே தின்றாள். கிண்ணம் காலியானது.

முற்றத்துக்கு வந்ததும் தொகுசாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "செத்தவளுக்கு முன்னால் இதை வைக்கலாமா குருவே? அவள் மனசு என்ன பாடுபடும்?"

மண்வெட்டி இரும்பு இன்னும் சூடாக இருந்தது. குரு அதைப் பார்த்தார்.

"உங்கள் மனைவி உயிரோடு இருந்திருந்தால், இன்றைக்கு இந்த மண்வெட்டி யார் கையில் இருந்திருக்கும் தொகுசாய்?"