வைக்கோலுக்கு ஒரு வரி

நிலம் யாருடையது என்று கேட்கவே பயந்த ஒரு காலத்தில், கருவேங்கை நாட்டைச் செங்கோமான் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். இரண்டுக்கும் அரசவை தலையாட்டும்.

அவனுடைய அமைச்சர் வல்லபராயர் கணக்கில் புலி. அவர் மணிகள் கோத்த ஒரு கணக்குப் பலகை செய்தார். அதில் நான்கு வரிகள்: நிலம், நீர், ஆள், ஏர்மாடு. எந்த வரியிலும் இருப்பதற்கு மேல் செலவாகாமல், எந்தப் பயிரை எவ்வளவு வைத்தால் அரசருக்கு ஆதாயம் அதிகம் என்று மணிகளை நகர்த்திக் கண்டுபிடிக்கலாம். மூன்று நாள் நகர்த்தினார். விடை வந்தது: நாடு முழுவதும் அவுரி. நீலச் சாயத்துக்குக் கப்பல்கள் காத்திருந்தன. சோற்றுக்கு நெல் அதே கப்பல்களில் வந்துவிடும். ஆடிக்குள் உழுது அவுரி விதைக்காதவர் நிலம் அரண்மனைக்கு என்று முரசு அறைந்தார்கள்.

சொன்னபடியே நெல் வந்தது. வைக்கோல் வரவில்லை. அவுரியை மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. மறு வருடம் தை பிறந்ததும் மாடுகள் விழத் தொடங்கின.

சித்திரையில் ஆண்டின் முதல் உழவாக அரசன் கையால் பொன்னேர் பூட்டுவது வழக்கம். அதற்கு ஆண்டுக்கு ஓர் ஊராக முறைவைத்து மாடு கொண்டுவர வேண்டும். அந்த வருடம் நெடுமடு ஊரின் முறை. அங்கிருந்து சடைச்சி என்ற குடியானவள் வந்தாள். அவளும் கணவனும் இழுத்துவந்த வண்டியில், அவுரிக் குச்சி அடைத்த இரண்டு மாட்டுத் தோல்கள். அவற்றை நுகத்தில் கட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு வேடிக்கை காட்டுகிறாயா என்று வல்லபராயர் சீறினார்.

"ஐயா, உங்கள் பலகையில் எத்தனை சோடி மாடு?"

"மூவாயிரம்."

"என் சோடியும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"அப்படியானால் இவை உயிரோடுதான் இருக்கின்றன. ஓட்டுங்கள்."

என்ன பிழை என்று அரசன் கேட்டான்.

"எங்கள் மேல் பதினெட்டு வரி போட்டீர்கள், சாமி. மாடு தின்பதற்குப் பலகையில் ஒரு வரி போடவில்லை."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் சொற்படி வல்லபராயர் பட்டு வேட்டியோடு நுகத்தில் கழுத்தைக் கொடுத்து ஒரு சால் இழுத்தார். சடைச்சிக்கு அரண்மனை மாடு ஒரு சோடி பரிசு. காணியில் கால் பங்கு நெல் வைக்க ஊர்களுக்கு அனுமதி. "வைக்கோலுக்கும் ஒரு வரி போடுங்கள்" என்று அரசன் ஆணையிட்டான். வல்லபராயர் மண் படிந்த கையாலேயே அதை ஓலையில் எழுதிக்கொண்டார்.

சடைச்சி அந்த மாடுகளால் ஆடிக்குள் உழுதாள். நிலம் தப்பியது. தையில் களத்தில் வைக்கோல் குவிந்தபோது சேவகர்கள் வந்தார்கள்.

"வைக்கோல்வரி. நூறு கட்டுக்கு அறுபது."

யார் போட்ட வரி என்று கேட்டாள். சேவகன் ஓலையைக் காட்டினான். அவனுக்கே ஆச்சரியம்.

"நீ கேட்டுத்தானே அரசர் போட்டார், அம்மா?"

வண்டியைக் கையால் இழுத்துவந்திருந்தார்கள், பூட்ட மாடு இல்லை. அவளுடைய பரிசுச் சோடியையே பூட்டி, அவளுடைய வைக்கோலை ஏற்றிப் போனார்கள். மாடுகள் திரும்பவில்லை. ஆடிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

மறுநாள் சடைச்சி அரண்மனைக்குப் போகவில்லை. பக்கத்து ஊருக்கு நடந்தாள், அங்கே மாடு இழந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு. இந்த முறை யாரையும் சிரிக்கவைக்க அல்ல.