மடியில் இருக்க வந்த கணினி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெருக் கோமு மதினி. போன ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில், உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றபடியே சொன்னாள். பஸ் ஆடுகிற ஆட்டத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்த மட்டும் சொல்கிறேன்.

திருநெல்வேலி டவுனில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு மடிக்கணினியும் ஒரு டேப்லெட்டும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது.

இரண்டும் ஒரே நாளில்தான் அந்த வீட்டுக்கு வந்தன. கொண்டுவந்தவர் நெல்லைநாயகம். அந்த வீட்டு அம்மா செண்பகத்தின் கூடப்பிறந்த தம்பி. பழைய கணினிகளை வாங்கிச் சரிபார்த்து விற்கிற கடை வைத்திருக்கிறார். அக்கா மகள் வடிவு கல்லூரியில் தாவரவியல் சேர்ந்திருக்கிறாள் என்றதும், புரட்டாசி பிறந்த கையோடு இரண்டு பெட்டியுடன் வந்து நின்றார்.

“என்னடா தம்பி, ரெண்டு பெட்டி?” என்றாள் செண்பகம்.

“ஒண்ணு மடிக்கணினி. இன்னொண்ணு டேப்லெட்டுக்கா.”

“டேப்லெட்டா? பிள்ளைக்கு என்ன நோவுன்னு மாத்திரை வாங்கிட்டு வந்திருக்க?”

வடிவு சிரித்த சிரிப்பில் அடுக்களைப் பூனை எழுந்து ஓடியது.

நெல்லைநாயகம் மருமகளிடம் சொன்னார்: “ரெண்டையும் வச்சுப் பழகிப் பாருட்டி. விஜயதசமிக்கு வாரேன். எது உனக்குத் தோதோ அதை வச்சுக்கோ. மத்ததை நான் கடைக்கு எடுத்துட்டுப் போயிருவேன். ரெண்டையும் சோடி சேர்த்து விட்டிருக்கேன். ஒண்ணுல இருக்கறதை மத்ததுக்குக் காத்து வழியாவே அனுப்பிக்கிடலாம், கம்பி வேண்டாம்.”

ஒன்றுதான் தங்கும், ஒன்று போகும். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து மடிக்கணினிக்கு நிம்மதி போயிற்று.

அது ஏற்கெனவே ஒரு வீட்டில் வேண்டாம் என்று தள்ளப்பட்டு, கடை அலமாரியில் தூசி குடித்துக் கிடந்தது. வடிவு முதல் நாள் அதைத் தூக்கி மடியில் வைத்துத் திறந்தபோது, ‘இனி இந்த மடிதான் எனக்கு வீடு’ என்று எண்ணிக்கொண்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் அதை மேசைமேல் வைத்து வயரைச் சொருகிவிட்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மடிக்கணினி கணக்கெடுக்கிற கண்ணோடுதான் இருந்தது. வடிவு குறுக்குத்துறை ஆற்றங்கரைக்குப் போனால் டேப்லெட் கூடப் போகும். மருத மரத்தடியில் உட்கார்ந்து அதன்மேல் பேனாவால் இலை வரைவாள், பூ வரைவாள். சாப்பிடும்போது அது சுவரில் சாய்ந்து நிற்கும். செண்பகம்கூட அதை அடுக்களைக்குக் கொண்டுபோய்ச் சுண்டல் செய்முறை பார்த்தாள்.

“வாங்க மாத்திரை! சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?” என்று மடிக்கணினி குத்தும்.

“நீ இருந்த இடத்துலயே இரு, மடியா. சோம்பேறிக்கு மடியன்னு சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க” என்று டேப்லெட் திருப்பிக் கொடுக்கும்.

“நான் மடியனா? எம்மேல எத்தனை எழுத்து இருக்கு, பாத்தியா? உனக்கு இருக்கிறது ஒரு கண்ணாடி. முகம் பார்க்கத்தான் ஆகும்.”

“அந்தக் கண்ணாடியைத்தான் வடிவு தடவிக்கிட்டே இருக்கா. உனக்கு என்ன எரிச்சல்?”

எரிச்சல்தான். வேறென்ன!

இத்தனைக்கும் வடிவு மடிக்கணினியைச் சும்மா விடவில்லை. கல்லூரியில் இருந்து மலைத் தோட்டம் ஒன்றுக்குச் சில பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். போக வேண்டுமென்றால் தாவரவியல் மேடத்துக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். வடிவுக்கு அந்தத் தோட்டத்தின்மேல் அப்படி ஒரு ஆசை. ஆற்றங்கரை மருத மரங்களைப் பற்றி வரி வரியாக மடிக்கணினியில்தான் எழுதி வந்தாள். அவள் மனசில் ஓடுவதெல்லாம் அதனிடம்தான் வந்து சேர்ந்தது.

டேப்லெட் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடும். “எம்மேல கோடுதான் போடுதா. பேச்சு பூரா உன்கிட்டதான்” என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னது.

அதைக் கேட்டு மடிக்கணினிக்கு மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. பொறாமை வந்துவிட்டால் தன் கையில் இருப்பது தெரியாதே. ‘என்னை ஏமாத்தப் பார்க்குது’ என்றுதான் அதற்குத் தோன்றியது.

மேசை ஓரத்தில் ஒரு தடித்த அகராதி கிடந்தது. அட்டை முழுக்கப் பழைய குங்குமக் கறை. மடிக்கணினி புலம்புவதைக் கேட்டுவிட்டு அது சொன்னது: “இதுக்குப் போயி ஏன் மனசை வருத்துத? சரஸ்வதி பூஜை வருதுல்லா. பூஜையில ஏறிட்டா போதும். பூஜையில ஏறினது எதுவும் இந்த வீட்டை விட்டுப் போனதா நான் பார்த்ததே இல்லை. என்னையே பாரு, எத்தனை வருஷமா இங்கனயே இருக்கேன்!”

அகராதியைக் கேட்டு யாரும் வராததால்தான் அது அங்கேயே கிடந்தது. அது அதற்குத் தெரியாது. மடிக்கணினிக்கும் தெரியாது.

பூஜை நாள் வந்தது. காலையில் வடிவு அடுக்களையில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு மேசை வரைக்கும் எட்டவில்லை. பிறகு செண்பகம் ஈரக் கூந்தலை முடிந்தபடி புத்தகம் எடுக்க வருகிற காலடி கேட்டது.

அவ்வளவுதான். மடிக்கணினி அவசர அவசரமாக நகர்ந்து புத்தக அடுக்கின்மேல் ஏறிக்கொண்டது. போகிற போக்கில் டேப்லெட்டை ஒரு தள்ளு தள்ளியது. அது சரிந்து, பழைய செய்தித்தாளுக்கு அடியில் போய் விழுந்தது.

“அண்ணே, என்ன இது? எனக்கும் ஒரு பொட்டு வேணும்லா!”

“உன்னைப் பூஜையில வச்சா சாமிப் படத்துக்குக் கண்ணாடி கழண்டு விழுந்துட்டுன்னு நினைப்பாங்க. பேசாமக் கிட.”

செண்பகம் அடுக்கோடு தூக்கிப் பூஜை அறையில் கொண்டு வைத்தாள். பட்டுத்துணி விரித்து, புத்தகங்களை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே மடிக்கணினியை வைத்தாள். சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டாள். ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தாள். பொரி, அவல், கடலை, சாம்பிராணிப் புகை. மடிக்கணினிக்கு அந்த மணத்திலேயே தலை கிறங்கியது. ‘இனி என்னை யார் அனுப்புவா?’

பக்கத்தில் பொட்டு வைத்துக்கொண்டு ஒரு கட்டிங் பிளையர் சாய்ந்து கிடந்தது. வடிவின் அப்பா மின்சார வேலை செய்கிறவர். அவருடைய கையாள் அது.

“புதுசா?” என்றது பிளையர். “காலை நீட்டிப் படும்வே. இன்னைக்கு நமக்கு லீவு. நாளைக்கு மறுபூஜை வரைக்கும் ஒருத்தனும் நம்மைத் தொடக் கூடாது.”

“தொடக் கூடாதா?”

“பின்னே? அதுக்குத்தானே பூஜை. எனக்கு வருஷத்துல இந்த ஒரு நாள்தான். நிம்மதியா இரும்.”

மடிக்கணினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள்தானே!

மதியம் சாப்பிட்டு முடிக்கவும் வடிவுக்குப் போன் வந்தது. பேசியது தாவரவியல் மேடம். வடிவு அம்மாவிடம் ஓடிவந்தாள்.

“அம்மா, மலைத் தோட்டத்துக்குக் கட்டுரையை அடுத்த வாரம் அனுப்பினாப் போதும்னு இருந்தேன்லா. இன்னைக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள அனுப்பணுமாம். இல்லேன்னா இடம் இல்லையாம். அந்த மடிக்கணினியை எடுத்துத் தாம்மா.”

செண்பகம் பூஜை அறை வாசலை மறித்து நின்றாள். “பூஜையில வச்சதையா? ஏட்டி, அது மடியா, சுத்தபத்தமா இருக்கு. தொடாதே.”

“மடியில வைக்கத்தாம்மா அதுக்கு மடிக்கணினின்னு பேரு!”

“இன்னைக்கு அது சாமிக்கு மடி. நாளைக்கு உன் மடி. கும்பிட்டு வச்சதை அம்மா எப்படிட்டி கலைப்பேன்?” செண்பகம் முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்துவிட்டாள். “பூஜையில ஏறாதது எதுவோ அதை எடுத்துச் செய்யி. சரஸ்வதித் தாயார் கோவிச்சுக்கிட மாட்டா.”

வடிவு மேசைக்கு ஓடினாள். செய்தித்தாளை விலக்கி டேப்லெட்டை எடுத்தாள். தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

பூஜை அறையிலிருந்து மடிக்கணினி பார்த்தது. அந்த மடி. எதற்காக இத்தனை பாடுபட்டதோ, அந்த மடி.

டேப்லெட் அங்கிருந்தே கூப்பிட்டது: “அண்ணே! வடிவு எழுதினது பூரா உன்கிட்டல்லா இருக்கு. இங்கன தள்ளிவிடு. உன்னை யாரும் தொட வேண்டாம். காத்து வழியாத்தானே!”

“நான் மடியா இருக்கேன்” என்றது மடிக்கணினி.

“அண்ணே, பிள்ளை அழுதாண்ணே.”

“கொடுத்துத் தொலையும்வே. அதுல உம்ம சந்தனமா உதிர்ந்து போவுது?” என்று பிளையர்கூடச் சொன்னது.

கொடுக்கலாம். ஒரு நொடி வேலை. மடிக்கணினி மூடிக் கிடந்ததே தவிர உறங்கவில்லை. ஆனால் கொடுத்தால் என்ன ஆகும்? உழைத்தது நான், அனுப்பியது அது என்று ஆகும். பேர் அதற்குப் போகும். நாளைக்கு நெல்லைநாயகம் அண்ணாச்சி வந்து கேட்கும்போது வடிவு அதைத்தான் கை காட்டுவாள். நினைக்க நினைக்க மடிக்கணினிக்கு உள்ளே சுட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டது. வடிவு டேப்லெட்டில் அழுத்தி அழுத்திப் பார்த்தும் ஒரு வரிகூட வந்து சேரவில்லை.

செண்பகம் பூஜை அறைக்கு வந்து கை குவித்து நின்றாள். “தாயே, பிள்ளைக்கு ஒரு வழி காட்டு” என்றாள். நேர் எதிரே இருந்தது தான்தான் என்பதால், அந்தக் கும்பிடு தனக்கு என்று மடிக்கணினி எடுத்துக்கொண்டது.

அங்கே டேப்லெட் என்ன செய்யும்? தன்னிடம் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வடிவின் கண்முன் வைத்தது. மருத இலை. அதன் காம்பு. உரிந்த பட்டை. தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிற வேர். எல்லாம் அவள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்தவை.

வடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கீழே, நினைவில் இருந்ததை இரண்டு வரி எழுத ஆரம்பித்தாள். கண்ணாடியில் தட்டித் தட்டி விரல் நோகும். எழுத்து மாறி விழும். டேப்லெட்டும் விடாமல், “இதில்லை, மேல இருக்க எழுத்து... ஆங், அதுதான்” என்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

செண்பகம் வாசலில் விளக்கேற்றி வைக்கவும், வடிவு “போயிட்டும்மா!” என்று கத்தவும் சரியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேடமே கூப்பிட்டார். “கட்டுரை கேட்டா படமா அனுப்பியிருக்கியேம்மா! ஆனா இப்படி மரத்தைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்த பிள்ளை வேற யாரும் இல்லை. உன் பேரைச் சேர்த்துட்டேன்.”

வடிவு டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பூஜை அறையில் செவ்வந்திப் பூ வாடிச் சரிந்து மடிக்கணினியின்மேல் விழுந்தது. அது கவனிக்கவில்லை. ‘நாளைக்குத் தெரியும். பூஜையில ஏறினது வீட்டை விட்டுப் போகாது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்தது. செண்பகம் சூடம் காட்டி, வழக்கப்படி ஒவ்வொன்றையும் வடக்கே லேசாக நகர்த்தி எடுத்தாள். பிளையர் அப்பாவோடு வேலைக்குக் கிளம்பிவிட்டது. நெல்லைநாயகம் வந்தார்.

“என்னட்டி, எதை வச்சுக்கிடுத?”

“டேப்லெட்டு மாமா.”

செண்பகம் திரும்பிப் பார்த்தாள். “ஏட்டி, நேத்துக் காலையில தேங்கா துருவும்போது வேற சொன்னியே! மடிக்கணினிதான் எனக்கு, அதுலதான் எழுத வருது, மாமாகிட்டச் சொல்லிடும்மான்னு சொன்னதே நீதானே? அது நம்ம வீட்டுல தங்கப் போறதுன்னுதானே நான் அதுக்குப் பொட்டு வச்சேன். இல்லேன்னா உன் மாமன் கடைச் சரக்குக்கு நான் எதுக்குப் பூஜை போடுதேன்?”

“நேத்துக் காலையில அப்படித்தாம்மா நினைச்சேன்” என்றாள் வடிவு.

நெல்லைநாயகம் மடிக்கணினியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பூஜையில் ஏறியது போகாது என்று அங்கே யாரும் அவரைத் தடுக்கவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் பூஜைக்குப் பிள்ளைகளின் சாமான் எதையாவது எடுத்து வைக்கப் போனால், ‘இன்னைக்கு உனக்கு இது வேணுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.