மூன்று சாண் துடுப்பும் மூலை கடித்த துடுப்பும்

ஏரிக்கரையில் காடே திரண்டு நின்றது. ஒரே கூச்சல்! மழைக்காலம் பிறந்துவிட்டது. இந்த வருஷம் ஏரியில் ஓடம் விடப்போவது யார்? கரடி தடியப்பனா, கீரி வஞ்சியா?

அந்தக் காட்டில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. துடுப்பின் பலகையைக் குரங்கு மச்சக்காளை சாண் போட்டு அளக்கும். யாருடைய பலகை அகலமோ அவர்தான் ஓடக்காரர். தோற்றவர் தன் ஓடத்தைக் கரையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். ஓட்டிப் பார்த்துச் சொல்லலாமே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை.

"கரடியார் துடுப்பு மூன்று சாண்!" என்று கத்தியது மச்சக்காளை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"கீரியின் துடுப்பு ஒரு சாண்கூட இல்லை! அட, கீழ் மூலையைக் காணோமே! எலி தின்றுவிட்டதா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நான்தான் கடித்து எடுத்தேன்" என்றாள் வஞ்சி. "துடுப்பு சாய்ந்துதானே தண்ணீரில் இறங்குகிறது? கீழ்ப்பக்கம் முதலில் முழுகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இருந்தால் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் அதிகமாகத் தள்ளும். துடுப்பு கைக்குள்ளேயே திருகிக்கொள்ளும்!"

"தோற்றவள் பேச்சு!" என்றது தடியப்பன்.

அப்போதுதான் முயல் பூவாத்தாள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ! நடுத்திட்டில் புல் மேயப் போன என் பிள்ளைகள் மூன்று பேரும் மாட்டிக்கொண்டார்கள்! தண்ணீர் ஏறுகிறது!"

"நான் இருக்கிறேன்!" என்று ஓடத்தில் குதித்தது தடியப்பன்.

அடேயப்பா, அது போட்ட முதல் போடு! ஓடம் எகிறிப் பாய்ந்தது. இரண்டாவது போடு, மூன்றாவது போடு! கரையில் விசில் பறந்தது.

பத்தாவது போட்டில் தோள் கடுத்தது. அந்த அகலப் பலகை ஒவ்வொரு தடவையும் ஒரு குளத்துத் தண்ணீரையே இழுப்பதுபோல் கனத்தது. பதினைந்தாவதில் துடுப்பு திருகிக்கொண்டு கையை விட்டு நழுவப் பார்த்தது. ஓடம் நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. பிறகு காற்று அதைக் கோரைப் புதருக்குள் தள்ளிவிட்டது.

திட்டில் குட்டிகளுக்கு மார்பளவு தண்ணீர்!

"வஞ்சி அக்கா, நீ போ!" என்று கதறினாள் பூவாத்தாள்.

"அதெப்படி? முறைப்படி கரடியார்தானே ஓடக்காரர்!" என்று குறுக்கே வந்தது மச்சக்காளை.

"உன் முறை போய் என் பிள்ளைகளைத் தூக்கி வருமா? வழியை விடு!"

குரங்கு விலகியது. வஞ்சி ஓடத்தை அவிழ்த்தாள். சளக், சளக், சளக்! சின்னச் சின்னப் போடுதான். பாய்ச்சல் இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. துடுப்பு துளியும் திருகவில்லை. இருபது, நாற்பது, நூறு போடு! மூச்சு வாங்கியது, கை ஓயவில்லை. பூவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் குட்டிகளின் கழுத்தைத் தொட்டபோது வஞ்சியின் ஓடம் திட்டைத் தொட்டது. ஒன்று, இரண்டு, மூன்று! மூவரையும் காதைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டாள்.

திரும்பும் வழியில் கோரைப் புதரிலிருந்து தடியப்பனின் குரல் கேட்டது. "வஞ்சி, பத்தாவது போட்டிலேயே என் கை விட்டுப்போச்சு. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்தக் குட்டிகள் செத்திருந்தால் நான் என்ன செய்வேன்!" கரடி தேம்பித் தேம்பி அழுதது. வஞ்சி கயிற்றை வீசினாள்.

கரை சேர்ந்ததும் பூவாத்தாள் ஈரக் குட்டிகளை அள்ளி அணைத்துக்கொண்டு மச்சக்காளையைப் பார்த்தாள். "இனி சாண் போடும் வேலை வேண்டாம். ஏரியைக் கடந்து திரும்பி வருகிறவர்தான் ஓடக்காரர்!" காடே "ஆமாம்!" என்று முழங்கியது.

கருவிக்குப் பெருமை அதன் அகலத்தால் வருவதில்லை, பிடிக்கும் கைக்கும் செய்யும் வேலைக்கும் பொருந்திய வடிவத்தால் வருகிறது.