புங்கமரத்துக்கு ஒரு சாட்சி

நகரத்து மரங்களைப் பராமரிக்கும் தொண்டர் குழுவில் பேருக்கு இருபது பேர். தெருக்கோடிப் புங்கமரத்துக்குத் தண்ணீர்க் குடம் சுமப்பதென்னவோ தவமணி ஒருத்திதான்.

கத்திரி வெயில் மதியத்தில் அதை வெட்ட மாநகராட்சி இன்ஜினீயர் ரம்பக்காரர்களோடு காரில் வந்து இறங்கினார்.

"யாருக்கும் வேண்டாத மரம். வேணும்னு சொல்ல ஒரே ஒரு சாட்சியைக் கூட்டிட்டு வாம்மா, பாப்போம்!"

தவமணி வீடு வீடாகத் தட்டினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள்.

"எங்கே சாட்சி?" இன்ஜினீயர் சிரித்தார்.

"முன்னாடியே வந்தாச்சு சார். இவ்வளவு பெரிய தெருவுல உங்க காரை எதுக்கு இந்த மரத்தடியில நிறுத்தினீங்க?"

ரம்பக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்ஜினீயர் காரில் ஏறிக் கிளம்பினார்.

அதோடு தெருவுக்கே ஞானம் வந்துவிட்டது. மறுநாள் அந்த நிழலில் ஐந்து கார்கள். வேர்ப்பக்கம் போக வழியில்லாமல் தவமணி குடத்தோடு வெயிலில் நின்றாள்.