கூரை பேசிய பக்கம்

சந்தைப்பேட்டைத் தெருக் கிளை நூலகத்துக்கு ஒரு சீடர் வந்து சேர்ந்தார். பாடம் கேட்க வருகிறவர்போல வரவில்லை. நேற்று வாங்கிப்போன மாடு இன்று நொண்டுகிறது என்று கயிற்றோடு இழுத்து வருகிறவர்போல வந்தார்.

பெயர் ராக்கியண்ணன். மாட்டுத் தரகர். அறுபதைத் தாண்டிய ஆள். பள்ளிக்கூடம் அவருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்ததோடு சரி. மிச்சத்தையெல்லாம் சந்தை சொல்லிக்கொடுத்தது, அதுவும் முதுகில் நாலு போட்டு. அவரோடு வாய் கொடுத்து ஜெயித்தவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

குரு துளசிமணி. அந்த நூலகத்தின் நூலகர். சீடருக்கு மகள் வயதுதான் இருக்கும். குரு என்றெல்லாம் யாராவது சொன்னால் சிரித்துவிடுவார். திரும்பி வந்த புத்தகங்களில் முத்திரை குத்துகிற கை மட்டும் நிற்காது.

ராக்கியண்ணனுக்கு வந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. காலையில் டீக்கடையில் ஒருத்தன், "அண்ணா, அண்ணிக்குப் பரிசாமா?" என்றான். என்ன பரிசு என்று இவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவி தெய்வானையைக் கேட்டார்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள். "ஆமாங்க. லைப்ரரியில ஞாயித்துக்கிழமை விழா. சிறந்த வாசகருன்னு எனக்குக் குடுக்கறாங்க. மேடையில பேசோணுமாம். நீங்க வர வேண்டாம்."

"நான் வர வேண்டாமா? ஏன்?"

"எல்லாம் கவிதை பத்தின பேச்சு. உங்களுக்கு ஒத்துவராது."

தின்றுகொண்டிருந்த தோசையைப் பாதியில் விட்டு எழுந்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காமலே காளைக்கு வயசு சொல்கிற மனுஷனுக்கு நாலு வரி ஒத்துவராதாம்! கை கழுவிய ஈரம் காய்வதற்குள் நூலகத்தில் நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, எங்கூட்டுக்காரி எப்ப இங்க வர்றா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருவாங்க. வந்தா அந்தக் கவிதை அலமாரி—"

"வெள்ளிக்கிழமை அவ கோயிலுக்குல்ல போறா!"

"கோயிலுக்கும் போயிட்டுத்தாங்க வர்றாங்க."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

ராக்கியண்ணன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். "அம்மிணி, ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குக் கவிதை கத்துக்குடுங்க. அவ பக்கத்து நாற்காலியில நான் உக்காரோணும். அவ வாயாலயே 'வாங்க'ன்னு கூப்புடோணும்."

"ஒரு வாரத்துலயா?"

"எப்பேர்ப்பட்ட முரட்டுக் காளையையும் ஒரே வாரத்துல வண்டிக்குப் பழக்குனவனுங்க நானு."

"இதுல காளை நீங்களா, கவிதையா?"

பேப்பர் மறுபடி குலுங்கியது.

துளசிமணி எழுந்துபோய் மெலிந்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து தந்தார். ராக்கியண்ணன் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தார். காலை ஆட்டினார். கனைத்தார். மின்விசிறி ஒரு ஓரமாகச் சுற்றுகிறது என்று குறை சொன்னார். கொஞ்ச நேரத்தில் புத்தகத்தோடு எழுந்து வந்தார்.

"முடிச்சாச்சு."

"அதுக்குள்ளயா?"

"பக்கத்துல பாதி வெறும் வெள்ளையாக் கெடக்குதுங்களே! மூட்டையைப் பாதி ரொப்பிக் கட்டுனா சந்தையில செருப்பாலடிப்பான். இந்தக் கவிதைக்காரங்களைக் கேக்க ஆளில்லை. சரி, போகுது. இத்தனையும் எனக்கு வேண்டாம். இருக்கறதுல ஒசத்தியானதா ஒண்ணை எடுத்து வைங்க. அதுக்கு அர்த்தத்தை ஒரே வரியில சொல்லுங்க. பிடிச்சுக்கறேன்."

"நாளைக்கு வாங்க."

"நாளைக்குச் சொல்லுவீங்களா?"

"நாளைக்கு வாங்க."

இதென்ன பதில்? தரகு வேலையில் இப்படி ஒருத்தன் பதில் சொன்னால் அன்றோடு அவன் கடையைக் கட்ட வேண்டியதுதான். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் நூலகக் கதவு திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். கவிதைகளை நெட்டுருப் போட்டு வந்திருந்தார். துளசிமணி நாற்காலியில் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். சந்தை வாசலில் காணாமல்போன எருமைக்கு அடையாளம் சொல்லிக் கூவுகிற குரல் அது. நிலாவைக் கூவினார். நதியைக் கூவினார். யாரோ ஒருத்தி பிரிந்துபோனதை இன்னும் கொஞ்சம் ஓங்கிக் கூவினார். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் இத்தனையும்.

பேப்பர்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"எப்படிங்க?"

"உங்க குரல் நல்லாக் கேட்டுதுங்க."

"கவிதை?"

"அது கேக்கலை."

"இத்தனை சத்தமாச் சொல்றேன், கேக்கலையா?"

துளசிமணி முத்திரை மையைத் திறந்தார்.

அதற்கடுத்த நாள் வேறு வழியில் வந்தார். பேரம். விழாவுக்குப் பந்தல் என் செலவு, நாற்காலி என் செலவு, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி என் செலவு. மேடைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம், நூலகரே கூப்பிட்டது மாதிரி. துளசிமணி பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப உங்க ஊட்டுக்காரம்மா கூப்புட்ட மாதிரி ஆகுங்களா?"

ராக்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வந்த வழியே வீடு போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு வீட்டில் தெய்வானை என்னவோ சொல்ல வந்தாள். அவர், "இரு, இரு, நானே கடுப்புல இருக்கேன்" என்றார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டு நாள்கூட முழுசாக இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனுஷன் வெடித்துவிட்டார்.

"இதென்ன கெரகம் அம்மிணி! கேட்டா சொல்ல மாட்டேங்கறீங்க. படிச்சா கேக்கலைங்கறீங்க. நான் என்ன இனாமாவா கேக்கறேன்? போகட்டும், கவிதையே எனக்கு வேண்டாம். எங்கூட்டுக்காரிக்குப் பிடிச்சது எதுன்னாவது சொல்லித் தொலைங்க. அதை வெச்சு நான் சமாளிச்சுக்கறேன்."

துளசிமணி முத்திரையைக் கீழே வைத்தார்.

"சந்தையில நீங்க விலை பேசறது எப்படிங்க?"

"இது ஒரு கேள்வியா? ரெண்டு பேரு கையையும் துண்டைப் போட்டு மூடிக்குவோம். உள்ளார அவன் விரலை நான் பிடிப்பேன், என்ற விரலை அவன் பிடிப்பான்."

"அப்ப என்ன பேசுவீங்க?"

"பேசறதாவது! வாயைத் திறந்தா சுத்தி நிக்கறவனுக்கெல்லாம் விலை தெரிஞ்சு போகும். மூச்சு விட மாட்டோம்."

"பேசாம எப்படித் தெரியும்?"

"கை சொல்லுமில்ல! பிடிக்கற பிடியிலயே தெரியும், இவன் எறங்குவானா, மாட்டானா, பொண்ணு கல்யாணத்துக்கு விக்கறானா, சும்மா ஆழம் பாக்கறானான்னு."

"உங்க துண்டைக் குடுங்க."

தோளிலிருந்த துண்டை வாங்கி மேசைமேல் விரித்தார். போன வாரம் திரும்பி வந்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்து அதற்குள் தள்ளினார்.

"கையை உள்ள விடுங்க. வாயைத் திறக்கக் கூடாது. வெளிய எடுத்துப் பாக்கவும் கூடாது."

"மூடி வெச்சா எப்படிங்க படிக்க—"

"படிக்கச் சொல்லலீங்களே."

ராக்கியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு துண்டுக்குள் கையை விட்டார். வேண்டாவெறுப்பாகத் தடவினார். பிறகு, பழக்கம் விடாதல்லவா, கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. அட்டை விறைப்பு. மூலை மழுங்கவில்லை. அதிகம் கைபடாத சரக்கு. விரல் முதுகைத் தடவிப் போனது. நடுவில் ஓர் இடத்தில் நின்றது. திரும்பவும் அங்கேயே வந்தது.

முகத்தில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. சந்தையில் நிற்கிற முகம் வந்துவிட்டது. கண் பாதி மூடியிருந்தது.

புத்தகம் அந்த இடத்தில் தானாக விரிந்தது. மற்ற தாளெல்லாம் சலசலக்கிறது. அந்தத் தாள் மட்டும் சத்தமில்லை. ஓரம் நைந்து, கன்றுக்குட்டியின் காதுபோல மெத்தென்று இருந்தது.

"இங்க," என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"எடுங்க வெளிய."

"இதை வேற யாராச்சும்..."

"இந்தப் புஸ்தகத்தை வேற யாரும் எடுத்ததே கிடையாதுங்க. அவங்கதான் எடுப்பாங்க, குடுப்பாங்க, மறுபடி எடுப்பாங்க."

விரிந்த பக்கத்தில் சின்னதாக ஒரு கவிதை. பெரிய வெள்ளைக்கு நடுவில்.

*மழை நின்ற பிறகு*
*கூரை கொஞ்ச நேரம்*
*தானாகப் பேசிக்கொண்டிருக்கிறது.*
*யாரும் குறுக்கே பேசவில்லை.*

எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். போன கோபம் திரும்பி வந்துவிட்டது, கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு.

"அவ்வளவுதானா? மழை நின்னா கூரை சொட்டும். இது தெரியாதவன் எவன்? இதுக்கு ஒரு பக்கம், அதுக்கு ஒரு அட்டை, இதைப் படிச்சதுக்கு ஒரு பரிசு! இதுல என்னத்தைங்க கண்டா அவ?"

"அவங்களே ஒரு நாள் சொன்னாங்க. கல்யாணமான புதுசுல ஒரு நாள் மழை—"

"எந்த மழை? ஐப்பசி மழையா? அந்த வருஷம் ஐப்பசியில மழையே இல்லீங்களே!"

துளசிமணி நிறுத்தினார். ஒரு புத்தகத்தை இழுத்து முத்திரை குத்தினார்.

"சொல்லுங்க அம்மிணி, ஏன் நிறுத்திட்டீங்க?"

"அன்னிக்கு நீங்க வெளியூர் போயிருந்தீங்களாம். அவங்க ஊட்டுல தனியா—"

"தனியா எங்க இருந்தா? எங்கம்மா கூட இருந்தாங்கல்ல!"

இன்னொரு முத்திரை விழுந்தது. கொஞ்சம் பலமாக.

"அட, சொல்லுங்கன்னா!"

"எனக்கு வேலை இருக்குதுங்க."

ராக்கியண்ணன் புத்தகத்தை மேசையில் ஓங்கி வைக்கப் போனார். வாசலில் செருப்புச் சத்தம். திரும்பினால் தெய்வானை. நெற்றியில் கோயில் விபூதி. கையில் துணிப்பை.

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அது எந்தப் பக்கத்தில் விரிந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டாள்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அவரிடம் பதில் வண்டி வண்டியாக இருந்தது. எனக்கு ஒத்துவராதா என்று கேட்கலாம். இத்தனை வருஷம் ஒளித்து வைத்தாயே என்று கேட்கலாம். நெட்டுருப் போட்டதையெல்லாம் கொட்டிக் காட்டலாம். எல்லாம் சேர்ந்து நாக்கு நுனிவரை வந்து முட்டிக்கொண்டு நின்றன. ஆனால் ஒரு விரல் இன்னும் அந்தத் தாளின் ஓரத்தில் இருந்தது. அது அங்கிருந்து வர மாட்டேன் என்றது.

"இது," என்றார். பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பினார். "இது எனக்கு வெளங்கலை, தெய்வானை."

தெய்வானை உள்ளே வந்தாள். பையை மேசைமேல் வைத்தாள். பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. ராக்கியண்ணன் போய் அதில் உட்கார்ந்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை இதைத்தான் பேசலாம்னு இருக்கேன்," என்றாள். "நம்ம பழைய ஓட்டு ஊடு. நீங்க சந்தைக்குப் போயிட்டீங்க, அத்தையும் தோட்டத்துக்குப் போயிட்டாங்க. பெரிய மழை பேஞ்சு விட்டுது..."

ஓட்டு வீடு இல்லை. அப்போது அது கீற்று வேய்ந்த வீடு. ஓடு போட்டது பெரியவன் பிறந்த பிறகு. ஓடு ஏற்றி வந்த வண்டிக்கு மாடு பூட்டியது இதே கை. ராக்கியண்ணனுக்குத் தொண்டைக்குள் எறும்பு ஊர்ந்தது. சரக்கு இன்னதென்று தெரிந்தும் ஒருத்தர் வேறொன்று சொல்ல, சும்மா இருந்ததாக அவர் சரித்திரத்திலேயே கிடையாது. வாயைத் திறந்தார்.

தெய்வானை நிறுத்திவிட்டாள். பழக்கம். காத்திருந்தாள்.

ராக்கியண்ணன் வாயை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. என்ன இது என்பதுபோல துளசிமணியைப் பார்த்தாள். துளசிமணி முத்திரையைத் தொடவில்லை.

"...ஊடே காலியா இருந்துச்சு. சொட்டு மட்டும் விழுந்துட்டே இருந்துச்சு. நான் அரிசி பொடைச்சுட்டு இருந்தேன். திடீர்னு நானும் பேச ஆரம்பிச்சுட்டேன். ஆருகிட்டன்னு தெரியலை. கூரைகிட்டன்னே வெச்சுக்கங்க. எங்கம்மா நெனப்பு, எனக்குப் பிடிக்கற கொழம்பு, அப்ப வயித்துல இருந்து தங்காமப் போச்சே, அது. அதை நான் ஆருகிட்டயும் பேசினதில்லை. ரொம்ப நேரம் பேசினேன். வாசல்ல உங்க வண்டிச் சத்தம் கேட்டுது. எந்திரிச்சு அடுப்பைப் பத்த வெச்சுட்டேன்."

அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

ராக்கியண்ணன் ஏதோ சொல்ல வேண்டும் என்று தவித்தார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் தெரிந்தவரைக் கேட்பதுதானே முறை. மெல்ல மேசைப் பக்கம் திரும்பி, சந்தை கேட்டால் நம்பாத அளவுக்குக் குரலைத் தணித்தார்.

"அம்மிணி, நான் தேறிட்டேனுங்களா?"

துளசிமணி உதட்டில் விரலை வைத்தார்.

"சித்த இருங்க. அவங்க இன்னும் முடிக்கலை."