கிடாய் பின்னால் போன எல்லை

எல்லைக்கல்லைச் சாமியாக்கிவிட்டார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

கொன்றைநாடு என்று ஒரு நாடு அந்தக் காலத்தில் இருந்தது. மாறகண்டன் என்று ஒரு ராஜா அதை ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுடைய பாட்டனும் வடக்கே ஈங்கைநாட்டு ராஜாவும் பொட்டல்காட்டில் ஒரு கல்லை நட்டு, "கல் நிற்கும் இடமே எல்லை" என்று சத்தியம் செய்திருந்தார்கள். செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பக்கத்தில் கள்ளிமேடு. ஆடு மேய்ப்பவர்களின் சின்ன ஊர். நட்ட கல்லைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவர்களால் முடியாது. மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்தார்கள். புல் தீரும்போதெல்லாம் திருவிழா. சாமியைத் தூக்கிக்கொண்டு கோயில் கிடாயின் பின்னால் போவார்கள். அது நின்ற இடத்தில் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். சிலிர்த்தால் சாமிக்குச் சம்மதம். கல்லை அங்கே நட்டுக் குடிசையையும் அங்கே போட்டுக்கொள்வார்கள்.

கிடாய் புல்லைத் தேடும். புல் இருந்தது தெற்கே, கொன்றைநாட்டில். எல்லையும் தெற்கே வந்தது. ஈங்கைநாட்டுப் படை ஓர் அம்புகூட விடாமல் கல்லுக்குப் பின்னாலேயே கூடாரத்தை நகர்த்தி வந்தது.

ராஜாவுக்கு விஷயம் எட்டுவதற்குள் ஓர் ஆறும் சில சந்தைகளும் போய்விட்டன. படையோடு வந்து இறங்கினான்.

"கல்லைப் பிடுங்குங்கள்" என்றான். சிப்பாய்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள்.

தளபதி உக்கிரசேனன் மீசையைத் தடவினான். தன்னைத் தவிர யாருக்கும் மூளை இல்லை என்பது அவன் எண்ணம்.

"ஊரைக் கொளுத்திவிடலாம், அரசே. ஆள் இல்லை, ஆடு இல்லை என்றால் கல் எப்படி நடக்கும்?"

"பிரமாதம். கொளுத்து."

கள்ளிமேட்டுக்காரர்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சாமிக்குப் பூசை வைக்கும் பெண் முன்னால் வந்தாள்.

"கொளுத்துங்க மகராசா. கூரை மாத்த வேண்டிய நேரம்தான். ஒரு வார்த்தை மட்டும் கேட்டுக்கங்க."

"சுருக்கமாகச் சொல்."

"குடியை அழிச்சவன் வீட்டுக்குச் சாமி போயிரும். அது எங்க வழக்கம். கல்லைச் சுமந்து வந்து உங்க அரண்மனையில நட்டுட்டு, நாங்களும் அங்கனயே குடியேறிக்கிறோம்."

"அரண்மனையில் எங்கே?"

"கிடா நிக்கிற இடத்துல."

ஈங்கைநாட்டுத் தூதன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "சீக்கிரம் கொளுத்துங்கள். கல்லை ஏற்ற வண்டி வேண்டுமானால் நாங்கள் தருகிறோம்" என்றான்.

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்படியானால் என் சமையல்கட்டு?"

"கல்லுக்கு வடக்க இருந்தா அவுகளுது" என்றாள். "சாப்பாட்டுக்கு அவுககிட்ட கேட்டுக்கணும்."

"தீப்பந்தத்தை அணை."

தளபதிக்குப் பொறுக்கவில்லை. "ஆட்டுக்காரி பேச்சைக் கேட்கிறீர்களே, அரசே. தண்ணீர் ஊற்றினால் எந்த ஆடுதான் சிலிர்க்காது?"

"அதனாலதான் தண்ணி ஊத்துறோம், சாமி."

ராஜா சிரித்துவிட்டான். "பழைய இடத்துக்குக் கல் திரும்ப என்ன வழி?"

"புல்லை முன்னால காட்டிக்கிட்டே போனா கிடா பின்னால வரும். கிடா வந்தா சாமி வரும். அங்கயே தினமும் புல்லு போட்டா அப்புறம் அது ஏன் நடக்குது?"

"யார் அறுப்பது? யார் சுமப்பது?"

அவள் தளபதியைப் பார்த்தாள். ராஜாவும் பார்த்தான். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லித் தளபதியின் தலையில் ஊற்றினான். தளபதி சிலிர்த்தான்.

"சம்மதம்" என்றான் ராஜா.

தலையில் புல்கட்டோடு தளபதி முன்னால். பின்னால் கிடாய், கல், ஊர், ராஜா. எதிரே ஈங்கைநாட்டுப் படை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னோக்கியே நடந்தது. அவர்கள் பக்கம் காட்டுவதற்குப் புல் இல்லை. ஆறு திரும்பியது. சந்தைகள் திரும்பின. பழைய இடத்தில் கல் ஊன்றியது. சண்டை முடிந்தது.

"என்ன பரிசு வேண்டும்?" என்றான் ராஜா.

"தளபதி ஐயாவை விட்டுட்டுப் போங்க. நல்லா அறுக்குறாரு."

விட்டுவிட்டுத்தான் போனான். போகுமுன் அவள் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னான். சாமிமேல் உளி வைக்க எவனும் வரவில்லை. அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது: முத்திருளாயி.