மூன்றிரவு விடுதி

கருங்குன்றின் அடிவாரத்தில் ஓர் உடும்பு ஒரு விடுதிக்குக் காவல் இருந்தது. பாறைக்கு அடியில் வரிசையாகப் பன்னிரண்டு வளைகள். முன்னால் ஒரு முள்படல். அதுதான் விடுதி.

அது வழிப்போக்கருக்காக ஏற்பட்டது. கோடைதோறும் மேற்கு மலையிலிருந்து ஆற்றைத் தேடிப் போகும் விலங்குகள் அங்கே தங்கிப் போகும். ஒரு விலங்கு மூன்று இரவு தங்கலாம். இரவுக்கு ஒன்றாக உடும்பு அந்த வளையின் வாசலில் கூழாங்கல் வைக்கும். மூன்றாவது கல் விழுந்துவிட்டால் நான்காம் நாள் விடியலில் புறப்பட வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் வேண்டுமே! அந்தக் காலத்தில் அது நல்ல விதிதான்.

பிறகு ஆறு திசை மாறியது. விலங்குகள் வேறு வழியாகப் போகத் தொடங்கின. விடுதிக்கு ஒருவரும் வரவில்லை. ஆனாலும் உடும்பு வாசலை விட்டு நகரவில்லை. தினமும் பன்னிரண்டு வளைகளையும் வாலால் பெருக்கியது. பெருக்கி முடித்ததும் படலை இழுத்துச் சாத்தியது.

ஓர் ஆண்டு சித்திரையில் மேற்குச் சரிவு தீப்பற்றி எரிந்தது. தப்பிய சில விலங்குகள் கருங்குன்றுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒரு முயல் இருந்தது. வரும்போது அதற்கு மூன்று குட்டிகள். ஆவணியில் ஒன்றைக் கழுகு கொண்டுபோயிற்று. நான்கு பாதங்களும் வெந்துபோன ஒரு கிழ மரநாயும் இருந்தது. எல்லாம் புதரடியிலும் பாறை இடுக்கிலும் ஒண்டிக்கொண்டன. ஐப்பசியில் அடைமழை பிடித்தது.

அதே அடிவாரத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தது. அதற்குக் கூடு கிடையாது. ஆள்காட்டிகள் வெட்டவெளியில் கூழாங்கற்களைச் சுற்றிவைத்து, நடுவில் முட்டையிடும். ஒளிய இடம் இல்லாததாலோ என்னவோ, அதற்குப் பயமும் கிடையாது. ஒரு காலத்தில் ஏரித்துறையில் யானைகள் மட்டுமே தண்ணீர் குடிக்கலாம் என்று இருந்தது. எல்லோருக்கும் துறை வேண்டும் என்று கத்திக் கத்தியே வாங்கிக் கொடுத்தது அந்தப் பறவைதான். அதை அது அடிக்கடி சொல்லும்.

ஒரு நாள் மரநாய் மழையில் நடுங்கியபடி படுத்திருந்தது. ஆள்காட்டி அதன் பக்கத்தில் வந்து இறங்கியது.

"என்ன அண்ணே, இன்றும் கள்ளா?"

காட்டோரப் பனைகளில் ஏறிக் கலயத்தில் வாய்வைப்பது மரநாயின் வழக்கம். அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"வெந்த காலோடு பனை ஏறுகிறேன். ஆசைக்கா ஏறுகிறேன்? கள் உள்ளே போனால் கால் வலி தெரியாது, குளிர் தெரியாது. இறங்கும்போது மட்டும் பனை இரண்டாகத் தெரிகிறது. எதைப் பிடித்து இறங்குவது என்பதுதான் தொல்லை!" என்றது மரநாய்.

ஆள்காட்டி சிரிக்கவில்லை.

"அதோ, பன்னிரண்டு வளைகள் சும்மா கிடக்கின்றன. இங்கே நீ நனைந்துகொண்டு கிடக்கிறாய். எழுந்திரு!" என்றது.

வீடிழந்த விலங்குகள் எல்லாம் விடுதியின் முன் வந்து உட்கார்ந்தன.

"படலைத் திற! படலைத் திற!" என்று ஆள்காட்டி கத்தியது.

"இது வழிப்போக்கருக்கான இடம்" என்றது உடும்பு.

"நாங்களும் ஆறு மாதமாக வழியில்தானே கிடக்கிறோம்!" என்றன விலங்குகள்.

அருகிலிருந்த மேட்டிலிருந்து மயில் இறங்கி வந்தது.

"என் குஞ்சுகள் இந்த வழியாகத்தான் மேயப் போகின்றன. இந்தக் குடிகாரனைப் பக்கத்தில் குடிவைத்தால் அவை என்னத்தைக் கற்றுக்கொள்ளும்?" என்றது.

"பயப்படாதே மயிலம்மா! உன் குஞ்சுகளுக்கு ஒரு சொட்டும் தரமாட்டேன். எனக்கே போதவில்லை!" என்றது மரநாய்.

"கேட்டீர்களா, எவ்வளவு திமிர்! முதலில் அது கள்ளை விடட்டும். பிறகு வளை கொடுக்கலாம்!"

"கள்ளை விட்டுவிட்டு மழையில் எதைப் பிடித்துக்கொண்டு படுப்பது? அதையும் நீயே சொல்லு!" என்று ஆள்காட்டி சீறியது.

மூன்று நாள் கத்தினார்கள். காட்டுக்குத் தலைமை வகித்த கடமானுக்குத் தூக்கம் கெட்டது. அது வந்து படலின் முன் நின்றது.

"சரி, விடுதியைத் திறந்துவிடு. உள்ளே நடக்க வேண்டிய ஒழுங்கு உடும்பின் பொறுப்பு" என்றது.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஒழுங்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆள்காட்டியும் கேட்கவில்லை. அது அப்போதே சிறகை விரித்து ஏரி ஏரியாகப் பறந்தது. "நான் கத்தினேன்! கடமான் கொம்பைத் தாழ்த்தியது!" என்று போன இடமெல்லாம் சொன்னது.

அன்றைக்கே ஏழு விலங்குகள் உள்ளே போயின. முயல் மட்டும் தூரத்துப் புதரிலிருந்து குட்டிகளைத் தூக்கிவர வேண்டியிருந்ததால், மறுநாள்தான் போயிற்று.

முதல் இரவு மரநாய் உலர்ந்த மண்ணில் படுத்தது. இரண்டாம் இரவு அது பனைக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. தூக்கம் வந்தது, தூங்கிவிட்டது. மூன்றாம் நாள் குன்றின் மேல் வசித்த கீரி பச்சிலை அரைத்துக் கொண்டுவந்து அதன் பாதங்களில் வைத்தது.

"பத்து நாள் ஈரம் படாமல் இருந்தால் ஆறிவிடும், அண்ணே" என்றது கீரி.

அன்றிரவு உடும்பு மரநாயின் வாசலில் மூன்றாவது கல்லை வைத்தது.

விடிந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"புறப்படலாம்" என்றது உடும்பு.

"எங்கே?"

"விடுதிக்காரன் அதைக் கேட்பதில்லை. எல்லோரும் எங்காவது போகத்தான் செய்வார்கள்."

"மழை விட்டதும் போகட்டுமா?"

"மழை பெய்தால் தங்கலாம் என்று விதியில் இல்லையே."

"எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா?"

உடும்பு பாதையைப் பார்த்தது. அங்கே மழையைத் தவிர எதுவும் இல்லை.

"வருவார்கள்" என்றது.

உடும்புக்குக் கெட்ட மனம் இல்லை. பிடித்ததை விடத் தெரியாது, அவ்வளவுதான்.

மரநாய் சண்டை போடவில்லை. போகிற போக்கில் முயலின் வளைக்குள் எட்டிப் பார்த்தது.

"முயலம்மா, என் வளையில் ஒழுக்கே கிடையாது. குட்டிகளை அங்கே மாற்றிக்கொள்" என்றது.

"எனக்கும் நாளைக் காலை வரைதானே அண்ணே" என்றது முயல்.

ஏழு விலங்குகளும் மழைக்குள் போயின. பதினொரு வளைகள் உலர்ந்து, சுத்தமாக, காலியாகக் கிடந்தன.

உச்சிப்பொழுதில் ஆள்காட்டி திரும்பி வந்தது. முதலில் அதன் கண்ணில் பட்டது பனைமரம். பனையின் அடியில் மரநாய் மல்லாந்து கிடந்தது. உயிர் இல்லை.

மயிலும் வந்து எட்டிப் பார்த்தது.

"நான் அப்போதே சொன்னேன். குடிகாரன் குடித்தே செத்தான்!" என்றது.

கீரி குனிந்து மரநாயின் வாயை முகர்ந்து பார்த்தது.

"கள் வாசனையே இல்லை. பனை ஈரம். கால் பச்சைப் புண். பாதியில் நழுவியிருக்கிறது. கலயம் வரை அது எட்டவே இல்லை" என்றது.



ஆள்காட்டி விடுதிக்குப் பறந்தது.

"கொலைகாரா! ஏன் வெளியே அனுப்பினாய்?" என்று உடும்பைப் பார்த்துக் கத்தியது.

உடும்பு அசையாமல் நின்றது.

"படலைத் திற என்றாய். திறந்தேன். எத்தனை நாளைக்கு என்று நீ கேட்டாயா? உள்ளே என்ன விதி என்று கேட்டாயா? நீ கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நீதான் இங்கே இல்லையே!"

 

ஆள்காட்டி போய்ப் பனையடியில் உட்கார்ந்தது. கீரி குழி தோண்டியது. ஆள்காட்டி அலகால் மண்ணைத் தள்ளி மூடியது. ஈர மண் அலகில் ஒட்டியது. 

மாலையில் உடும்பு வாயில் ஒரு கூழாங்கல்லோடு முயலின் வளைக்கு வந்தது. அது மூன்றாவது கல். வளைக்குள் முயல் இரண்டு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பார்த்தது. கல் விழுகிற இடத்தில் ஆள்காட்டி நின்றுகொண்டிருந்தது.

"நகரு. விதி" என்றது உடும்பு, கல்லைக் கீழே வைத்துவிட்டு.

ஆள்காட்டி இந்த முறை கத்தவில்லை.

"இந்த விதி யாருக்காக?"

"பின்னால் வருகிறவர்களுக்காக."

"திரும்பிப் பார். அவர்களைக் காட்டு. ஒருவரைக் காட்டினால் நகர்கிறேன். மரநாய்க்குப் பின்னால் யார் வந்தார்? அதன் வளையில் இப்போது யார் படுத்திருக்கிறார்?"

உடும்பு திரும்பிப் பாதையைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பாதையில் புல் முளைத்திருந்தது. அது இன்று நேற்று முளைத்த புல் அல்ல.

"நான் கல் வைக்காவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை?" என்று அது மெல்லக் கேட்டது.

"இவ்வளவு நாளும் விடிந்ததும் போய், 'புறப்படலாம்' என்றாய். இனி விடிந்ததும் போய், 'இரவு தூங்கினாயா?' என்று கேள். கால் வலிக்கிறது என்றால் கீரியைக் கூப்பிடு. பசிக்கிறது என்றால் என்னைக் கூப்பிடு. நான் இனி எங்கும் போகப்போவதில்லை."

உடும்பு கல்லைத் திரும்ப வாயில் எடுத்தது. முயலின் வாசலில் அது விழவில்லை. வெளியே கொண்டுபோய்ப் போட்டது. பிறகு புதர் புதராகப் போய், மற்ற ஆறு விலங்குகளையும் தானே அழைத்துவந்தது. மரநாயின் வளையை நிரப்ப மட்டும் அதனால் முடியவில்லை.

மறுநாள் விடியலில் அது முயலின் வாசலில் போய் நின்றது. பழக்கதோஷத்தில் "புறப்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டது.

"தூங்கினாயா, முயலம்மா?" என்றது.

"குட்டிகள் தூங்கின" என்றது முயல்.

மழை ஓய்ந்து மாசி பிறந்தது. ஆள்காட்டி விடுதியில் கிடந்த எல்லாக் கூழாங்கற்களையும் பொறுக்கியது. படல் சாத்துகிற இடத்தில் அவற்றை வட்டமாக அடுக்கி, நடுவில் நான்கு முட்டைகள் இட்டது. இனிப் படலைச் சாத்த வேண்டுமானால் அந்த முட்டைகளை நசுக்கித்தான் சாத்த வேண்டும். உடும்புக்கு முட்டை என்றால் உயிர். ஆனாலும் அது அவற்றைத் தாண்டித் தாண்டியே தினமும் வளைகளைப் பெருக்கப் போயிற்று.

ஆள்காட்டி அதற்குப் பிறகு ஏரித்துறைக் கதையைச் சொல்வதில்லை. விடுதியை வாங்கிக் கொடுத்தது நீதானே என்று யாராவது கேட்டால், பனைமரம் இருக்கும் பக்கம் பார்க்கும்.

"நான்காம் நாள் காலையில் நான் இங்கே இல்லை" என்று மட்டும் சொல்லும்.

இடம் கொடுத்துவிட்டு, வந்தவன் போகும் நாளை எண்ணுகிறவனும் வீடு கொடுத்தவன் ஆகமாட்டான். கதவைத் திறக்க வைத்தேன் என்று மார்தட்டிவிட்டு, உள்ளே போனவனைத் திரும்பிப் பார்க்காதவனும் வீடு வாங்கிக் கொடுத்தவன் ஆகமாட்டான்.